ஆலுக்குப் பக்கத்தில் அருகு

ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழச் சொல்லி மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்தின் முதல் பாதியைப் போன்சாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் குட்டை மரம் வளர்க்கக் கிளம்புகிற எவரும் முதலில் கைவைப்பது ஆல், அரசு, இத்தி இவற்றில் ஒன்றின்மேல்தான். சுவரிடுக்கில் முளைத்ததைப் பிடுங்கி வந்தாலும் பிழைத்துக்கொள்ளும் சாதி அது. மறுபாதியான அருகைத் தட்டில் வைத்து வளர்த்தவர்கள் எத்தனை பேர்? புல்லைக் குட்டையாக்க என்ன இருக்கிறது, அதுவே குட்டைதானே என்று கேட்டால் பதில் சொல்லத் திணறத்தான் வேண்டும். புல்லும் புல்லைப் போன்ற செடிகளும் போன்சாய் ஆகுமா, ஆகாதென்றால் தொட்டியில் அவற்றுக்கு வேறென்ன வாழ்வு, நாமக்கல் பக்கத்து மோகனூர் மாதிரியான வெயிலூரில் அது கட்டுப்படியாகுமா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

மோகனூரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இது புல்லால் பிழைக்கும் ஊர். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அது அரைக்கும் கரும்பு ஒரு புல். காவிரிக்கரை வயல்களில் பாய் நெய்யக் கோரை போடுகிறார்கள்; அது புல்லுக்குப் பங்காளி. நெல் புல். நாமக்கல் முட்டைகூட மக்காச்சோளம் தின்ற கோழியின் முட்டை, மக்காச்சோளமும் புல். இத்தனை புல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மொட்டைமாடித் தட்டுக்கு மட்டும் கடல்கடந்து வந்த செடியைத் தேடி அலைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலையோர நர்சரியில் கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சைத் தண்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். “மூங்கில் போன்சாய்ங்க, தண்ணியில வெச்சாலே போதும்” என்றார் கடைக்காரர். வாங்கி வந்துவிட்டேன். அது மூங்கிலும் இல்லை, போன்சாயும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. லக்கி பாம்பு என்று விற்கப்படும் அது ஆப்பிரிக்காவின் டிரசீனா. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மரம் எது, புல் எது என்பதில் அவரைவிடப் பெரிய இடங்களே தடுமாறியிருக்கின்றன.

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரம் என்பதற்குள் பனை வகைகளையும் மூங்கிலையும் சேர்த்தே எழுதி வைத்தது. தன் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டி லாரியில் ஏற்றவும் அனுமதிச் சீட்டுக்கு உழவர் அலைந்ததற்கு அந்த ஒரு சொல்லும் காரணம். 2017-இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலிலிருந்து மூங்கிலை எடுத்தார்கள். தொண்ணூறு ஆண்டுக் குழப்பம். தொல்காப்பியத்தின் மரபியலில் இது ஒரு நொடியில் தீர்ந்துவிட்ட வழக்கு. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம் என்று அது பிரித்துவிடுகிறது. உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர்: புல்லுக்கு மடல், ஓலை, ஈர்க்கு, குலை, மரத்துக்கு இலை, தளிர், சினை. அந்தக் கணக்கில் மூங்கில் புல், தென்னை புல், நம் மாநில மரமான பனையும் புல்தான்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. போன்சாய் வளர்ப்பவருக்குத் தெரியவேண்டிய முதல் விஷயமே இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆல மரத்தின் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய வளர்திசுப் படலம் ஓடுகிறது. ஆண்டுதோறும் அது உள்பக்கம் மரக்கட்டையைச் சேர்த்துக்கொண்டே போவதால் தண்டு பருக்கிறது, பழைய கட்டை உள்ளே வயிரமாகிறது. போன்சாயின் வித்தை முழுவதும் இந்தப் படலத்தை நம்பித்தான் நடக்கிறது. அடி பருத்து நுனி சிறுத்த தண்டு, கம்பி சுற்றி வளைத்தால் அப்படியே நின்றுவிடும் கிளை, வெட்டிய காயத்தை மூடிவரும் பட்டை, மண்ணைக் கவ்விய வேர்ப்புடைப்பு எல்லாம் அதன் வேலை. புல்லுக்கு அந்தப் படலம் கிடையாது. நாளங்கள் தண்டின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் சிதறியும் கிடப்பதால் ஓரம் கெட்டி, நடு மெத்து. தொல்காப்பியர் கையால் தட்டிப் பார்த்துச் சொன்னதைத் தாவரவியலார் நுண்ணோக்கி வைத்துச் சொல்கிறார்கள். மூங்கில் குருத்து மண்ணைவிட்டு வரும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தாலும் ஒரு நூல் கூடியிருக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மரம் நுனியில் வளர்கிறது. நுனியைக் கிள்ளினால் கீழே உறங்கும் மொட்டுகள் விழித்துக் கிளை பிரியும்; போன்சாய்க் கத்தரி செய்வதெல்லாம் இந்த எழுப்புதல்தான். புல் இலை வளர்வது அடியில். கத்தரித்தால் அந்த இலை மொட்டையாக, வெட்டு முகம் பழுப்பேறி நிற்கும். அடியிலிருந்து அது பாட்டுக்கு நீண்டுகொண்டே வரும். பக்கத்துச் சிம்பு மண்மட்டத்தில், தூர் கட்டித்தான் வரவேண்டும். ஆகவே கத்தரியும் கம்பியும் புல்லிடம் செல்லாது. மரத்தைக் குட்டையாக்கும் வழியில் புல்லைப் போன்சாய் ஆக்க முடியாது என்பதே என் முடிவு. கிழட்டுத் தோற்றம் வரவழைப்பது போன்சாய்க்கு உயிர். புல்லுக்குக் கிழட்டுத் தண்டு என்று ஒன்று வாய்ப்பதே இல்லை.

ஜப்பானியர் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குட்டை மரத்தைக் காட்சிக்கு வைக்கும்போது அதன் பக்கத்தில் சிறு சட்டியில் ஒரு புல்லையோ காட்டுச் செடியையோ வைப்பார்கள். அதற்கு ஷிதாகுசா என்று பெயர், அடியில் வைக்கும் புல் என்று கொள்ளலாம். மரம் மலையுச்சியில் நிற்பதுபோல வளைக்கப்பட்டிருந்தால் பக்கத்தில் வைக்கும் புல்லும் மலைப்புல்லாக இருக்கவேண்டும். சதுப்பு மரத்துக்குச் சதுப்புப் புல். காலத்தைச் சொல்வதும் அதன் பொறுப்பு. பைன் மரம் ஆண்டு முழுக்க ஒரே பச்சை. இது இலையுதிர்காலம் என்று பார்ப்பவருக்குச் சொல்லப் பழுத்த புல் ஒரு பிடி தேவைப்படுகிறது. மரத்தின் துணையாக வந்த அந்தச் சட்டி பின்னால் தனிக் கலையாகி, குசமோனோ என்ற பெயரில் தன் காலில் நின்றது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ சிதைந்தபின் அங்கிருந்த வளர்ப்பாளர்கள் 1925-இல் ஓமியாவுக்குப் போய் உருவாக்கிய போன்சாய் கிராமம் இந்த உலகத்துக்குத் தலைநகர் மாதிரி. நமக்கு அருகே பார்ப்பதென்றால் மைசூர் தத்தபீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் இருக்கிறது. ஆனால் அது மரங்களின் இராச்சியம்.

சீனர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புல்லைப் போன்ற ஒரு செடியை மரத்துக்குத் துணையாக வைக்காமல் நேராக எழுதுமேசைமேல் ஏற்றினார்கள். அது வசம்பின் தம்பி. கல்லிடுக்கில் சிற்றோடை நீரில் வளரும் குட்டை இனம். சோங் காலத்துக் கவிஞர் சு ஷி அதைப் புகழ்ந்தே எழுதியிருக்கிறார்: மண் இல்லாமல், கூழாங்கல்லும் தெளிந்த நீரும் இருந்தால் போதும் என்று வாழ்கிற செடி என்பதுதான் அவரைக் கவர்ந்தது. நம் வீடுகளில் வசம்பு பெயர் சொல்லா மருந்தாக அஞ்சறைப் பெட்டியிலும், சுட்டு இழைத்த கரியாகக் குழந்தையின் நாக்கிலும் இருக்கிறதே தவிர, அந்தச் செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஒருவித்திலைத் தாவரங்களின் மரபுக்கிளையில் வசம்புக் குடும்பம்தான் முதலில் பிரிந்த கொப்பு என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. புல், கோரை, தென்னை, வாழை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுவிட்ட பாட்டி.

நம்மிடம் இந்தக் கலையே இல்லை என்று சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடுகிறோம். கல்யாணத்தில் பாலிகையில் தானியம் தெளிக்கிறோம். மண்சட்டி, எரு, தானியம், நீர், சில நாள் காவல். அதில் முளைத்து நிற்பதைத் தலையில் சுமந்து ஊர்வலம் போகிறோம். சட்டியில் வளர்த்த பசுமையை இத்தனை மரியாதையோடு தூக்கிச் செல்லும் வழக்கத்தைக் கலையென்று எண்ணாமல் விட்டதுதான் நம் அசிரத்தை. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை பிடித்து அருகம்புல் செருகி வைக்கிறோமே, அந்தப் பிள்ளையாரைவிடச் சிறிய, அழகான குசமோனோவை நான் பார்த்ததில்லை. முளைப்பாரியில் ஒரு பாடமும் இருக்கிறது. அதை இருட்டறையில் வைப்பதால்தான் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று வளர்கிறது. வெளிச்சம் இல்லாத செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். தட்டுப் புல்லுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: நல்ல வெயில். நிழலில் வைத்த புல்தட்டு எல்லாம் முளைப்பாரியாகிவிடும்.

எதை வளர்ப்பது? ஜப்பானியப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் காசுதான் கரியாகும். அவர்கள் கொண்டாடும் ஹாகோனே புல், அந்த மலைப்பகுதியின் ஈரத்துக்கும் குளிருக்கும் பிறந்தது. சித்திரை மாதத்து மோகனூரில் அது ஒரு வாரம் தாங்குமா என்பதே சந்தேகம். அவர்களின் இரத்தப்புல் வேறு கதை. நுனி சிவந்த அந்த அழகுப்புல், நம்மூரில் தருப்பை என்ற பெயரில் புழங்கும் இரண்டு புற்களில் ஒன்றின் வளர்ப்பு வகை. குளிர் ஏற ஏறத்தான் அதன் செம்மை கூடும். இங்கே அவ்வளவு குளிருக்கு எங்கே போக? சிவப்பு இல்லாவிட்டால் அது வெறும் தருப்பை. தருப்பையாகவே வளர்ப்போம் என்றால் அடித்தண்டு ஊசிபோல் மண்ணைத் துளைத்து ஓடுகிற அந்தச் செடி சட்டியின் துளைவழியே வெளியேறப் பார்க்கும்.

அருகிலிருந்து தொடங்குவதே நல்லது. வெயில் ஏற ஏற வேகமெடுக்கும் புற்களில் அதுவும் ஒன்று. கரும்பும் மக்காச்சோளமும் அதே சாதி. வரப்பில் அரை அடி நிற்கிற அருகு, கார்த்திகை அகல் ஒன்றில் அடைத்துவைத்தால் இரண்டு விரற்கடைக்குமேல் எழும்பாது, கணுவிடைகள் நெருங்கி, இலை சுருங்கி, விளிம்பைத் தாண்டித் தொங்கும். தொங்கும் அந்த ஓடுதண்டுகள்தான் அதன் அழகு. அவற்றை வெட்டிச் சீராக்கினால் புல்தரைத் துண்டுபோல ஆகிவிடும். நர்சரிகளில் கிடைக்கும் கொரியன் புல்லும் மேடுமேடாக, பாசிபோல் மெத்தென்று வரும். அருகைவிட மெதுவாக வளரும் என்பதால் சோம்பேறிகளுக்கு அது வாய்ப்பு.

கோரையில் தேர்ந்தெடுக்கத் தெரியவேண்டும். பாய்க்கோரை ஆள் உயரம் நிற்பது, தட்டுக்கு ஒத்துவராது. காட்டுக்கோரை, அதாவது கிழங்குக் கோரை, எந்த உழவரும் வீட்டுக்கு வேண்டுமென்று கொண்டுவர மாட்டார். உலகின் மோசமான களைகளின் வரிசையில் அதற்கு எப்போதும் முன்னிடம். வரப்போரத்தில் வெள்ளை உருண்டைத் தலையோடு வருகிற சின்னக் கோரை ஒன்று இருக்கிறது. விரலிடையில் தண்டை உருட்டினால் மூன்று பட்டை தெரியும், அதுதான் கோரைக்கு அடையாளம். சாஸர் அளவு தட்டில் அதை வைத்தால் ஐப்பசி மழைக்குத் தலைதலையாகப் பூத்து நிற்கும். குடைபோல் விரியும் கோரையை நர்சரிகளில் பாம் என்று சொல்லி விற்கிறார்கள். ஆப்பிரிக்க வரத்து. அதன் குடைத்தலையை ஒரு சாண் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தண்ணீரில் போட்டால் இலைக்கக்கத்தில் வேரும் குருத்தும் கிளம்பும். அப்படி எடுத்த கன்றைக் குறுகிய கிண்ணத்திலேயே வைத்திருந்தால் இடுப்பு உயரம் போகவேண்டியது ஒரு சாணில் நின்றுவிடும். தண்ணீர் தேங்கினாலும் அழுகாது என்பது மறதிக்காரர்களுக்கு வசதி.

கிழட்டுத் தோற்றம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு வசம்பைச் சொல்வேன். தண்டு இல்லாவிட்டாலும் அதன் கிழங்கு மண்மேல் படுத்து, வளையம் வளையமாக இலைத்தழும்பு ஏறி, கிளைபிரிந்து நகரும். மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிட்டால் முண்டும் முடிச்சுமாக அந்தக் கிழங்கு வெளித்தெரியும். ஆலுக்கு வேர்ப்புடைப்பு எப்படியோ வசம்புக்கு இது அப்படி. நம் வசம்பு சீனத்துத் தம்பியைவிட இலை நீளம், நடுவில் ஒரு நரம்பும் புடைத்திருக்கும். ஆகவே சற்றுப் பெரிய தட்டு தேவை. காலில் எப்போதும் ஈரம், தலையில் பிற்பகல் நிழல், இவ்வளவு போதும்.

புல் இனமல்லாத, புல் வேடம் போடுகிற செடிகள் தனிக்கூட்டம். மோண்டோ புல் என்று விற்பது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. கரும்பச்சை, குட்டை, ஆமை வேகம், நேர்வெயில் பட்டால் கருகும். வடக்குச் சுவரோரம் அதற்கு இடம் கொடுக்கலாம். மழை லில்லி வெங்காயத்தின் உறவு. பூக்காத நாளில் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், ஒரு கோடை மழை கொட்டிய சில நாளில் திடீரென்று பூத்துவிடும். பருவத்தைச் சொல்லும் சட்டி வேண்டுமென்றால் நம் சமவெளியில் இதைவிட நேர்மையான செடி கிடையாது. குழாய்த் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் மழைக்குப் பூப்பதுபோல் அது பூப்பதில்லை.

ஆற்றோர நாணலைச் சட்டிக்குக் கேட்பவர்களும் உண்டு. எவ்வளவு அடக்கினாலும் அது ஆற்றங்கரையை மறப்பதில்லை, வேண்டாம். ஆனால் அதன் வரலாற்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இனிப்புக் கரும்போடு அந்தக் காட்டு நாணலை ஒட்டித்தான் கோ 205 என்ற முதல் வணிகக் கலப்பினத்தை உருவாக்கினார்கள். மோகனூர் ஆலைக்கு வண்டியில் போகும் கரும்பின் உடம்பில் இந்த நாணலின் இரத்தமும் ஓடுகிறது.

மூங்கிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். புற்களில் மரத்தோடு போட்டியிடக்கூடியது அது ஒன்றே. புத்தர் வயிறு மூங்கில் என்ற சீன வகைக்கு 1938-இல் மெக்ளூர் என்ற அமெரிக்கர் தாவரவியல் பெயர் சூட்டினார். அதில் ஒரு விந்தை: நல்ல நிலத்தில் நட்டால் சாதாரண மூங்கிலாக நேரே உயர்ந்துவிடும், தொட்டியில் அடைத்துத் தண்ணீரைக் குறைத்தால்தான் கணுவிடைகள் குறுகித் தொப்பைபோல் ஊதும். பஞ்சத்தில் வயிறு வைக்கும் செடி. தொட்டிக்கென்றே பிறந்தது. மற்ற மெல்லிய மூங்கில்களுக்கு, வேலி மூங்கில் போன்றவற்றுக்கு, ஒரு கைவேலை இருக்கிறது. குருத்து ஒரு விரல் உயரம் வந்ததும் அதன் அடியில் உள்ள உறையை ஊசிமுனையால் மெல்ல உரித்து எடுக்கவேண்டும். உறை இருக்கும்வரைதான் அதற்குள்ளிருக்கும் கணுவிடை மெத்தென்று இருந்து நீளும். உரித்தால் அது காய்ந்து கெட்டிப்பட்டு நின்றுவிடும். மறுநாள் அடுத்த உறை, அதற்கு மறுநாள் அடுத்தது. ஒரே நாளில் இரண்டு மூன்றை உரிக்கப்போனால் குருத்து ஒடிந்து விழும். எனக்கு முதல் ஆண்டில் பிழைத்த குருத்து ஒன்றுதான். இந்தப் பொறுமைக்குக் கிடைப்பது ஒரு முழம்கூட இல்லாத, கணு நெருங்கிய மூங்கில் தோப்பு. ஒரு தண்டு சில ஆண்டுகளே உயிரோடிருக்கும். வெளுத்த பழந்தண்டை அடியோடு எடுத்துவிட்டு புதுக்குருத்துக்கு வழிவிடவேண்டும். ஆகவே மூங்கில் தட்டில் வயதாவது தோப்புக்கு, தண்டுக்கு வயது ஏறுவதில்லை.

தென்னையையும் இப்படிக் குட்டையாக்குகிறார்கள். இந்தோனேசியாவில் அது பெரிய பொழுதுபோக்கு; தேங்காய் மேலே தெரிய, அடிமடலின் பன்னாடையைக் கீறிக் கீறி ஓலையைச் சிறுக்க வைக்கிறார்கள். தொல்காப்பியர் கணக்கில் அதுவும் புல் போன்சாய்தான். எனக்கென்னவோ வயல்வரப்பெல்லாம் தென்னை நிற்கிற ஊரில் அதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

செடியைவிடச் சிக்கல் சட்டியிலும் தண்ணீரிலும்தான். போன்சாய்த் தட்டு ஆழமற்றது, புல் சட்டி அதைவிடச் சிறியது. வைகாசி மதியத்தில் மொட்டைமாடியில் அப்படியொரு சட்டியைத் தொட்டால் கை சுடும். உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கும். பெரிய மண்தொட்டியில் மணல் நிரப்பி, அதில் சிறு சட்டிகளைக் கழுத்தளவு புதைத்து, மணலுக்கும் தண்ணீர் விடுவது நான் கண்ட எளிய வழி. சுடுமண் சட்டி வேர்வை விட்டுக் குளிரும். பீங்கான் அழகு, ஆனால் கோடைக்கு ஆகாது. பார்வைக்கு வைக்கும் அன்று மட்டும் எடுத்து வெளியே வைத்தால் போதும்.

மண்கலவையில் புல்லுக்குச் செல்லம் கொடுக்கக் கூடாது. செம்மண் ஒரு பங்கு, சலித்த செங்கல் பொடிக்கல் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு அரைப்பங்கு, ஒரு கைப்பிடி உமிச்சாம்பல். புல் தன் இலையில் சிலிக்காவைச் சேர்த்துவைக்கிற செடி, கரும்புத்தோகை கையை அறுப்பது அதனால்தான்; உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். ஆற்று மணலுக்கு ஆசைப்படாதீர்கள். காவிரியில் அள்ளியது போதும். எம்-சாண்ட் வாங்கினால் தூசு போகும்வரை கழுவுங்கள், இல்லாவிட்டால் சட்டிக்குள் சிமென்ட் பூச்சுபோல் இறுகிவிடும். உரம் என்றதும் நாமக்கல்காரருக்குக் கோழி எரு நினைவுக்கு வரும். வயலுக்கு அது வரம், சட்டிக்குச் சூடு தாங்காது. தழைச்சத்து மிகுந்தால் புல் தளதளவென்று நீண்டு சாய்ந்துவிடும், இத்தனை நாள் குட்டையாக வைத்த பாடெல்லாம் வீண். புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசலின் தெளிவை நிறையத் தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை விட்டால் போதும். பசியோடு இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலான சட்டிகள் சாகின்றன, வறண்டு அல்ல, உப்பேறி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சிறு சட்டியில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப்போகிறது. மரத்துக்கு அது இலை விளிம்பில் தெரியும், புல்லுக்கு நுனியில். நீர் அடியிலிருந்து இலையின் முழு நீளமும் பயணம் செய்து நுனியில் வெளியேறுவதால் உப்பும் அங்கேதான் சேரும். நுனி கருகியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுகிறோம். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் என்று பலர் செய்கிறார்கள். உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும். அது தீர்ந்தால் ஆற்றுத் தண்ணீர். வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை மேட்டூர் திறந்திருக்கும் மாதங்களில் அதற்குப் பஞ்சம் குறைவு. வாரம் ஒருநாள் சட்டியை அப்படியே வாளியில் முக்கி, குமிழி அடங்கும்வரை வைத்து எடுத்து, தண்ணீர் ஓடி வடியவிட்டால் தேங்கிய உப்பு இறங்கும். பாசிப்போர்வை, பாசி உருண்டை என்று படங்களில் பார்ப்பதெல்லாம் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத விருந்தாளிகள். அவற்றைக் கோடையில் காப்பாற்ற நினைத்து நாளுக்கு ஐந்துமுறை தெளித்தால் வேர்தான் அழுகும்.

ஆண்டுக்கணக்கும் ஜப்பானியக் கணக்கிலிருந்து மாறும். நமக்கு உறைபனி இல்லாததால் சிறு சட்டிப் புல்லின் உறக்ககாலம் கோடைதான். மாசியில் அடியோடு ஒட்ட வெட்டிவிட்டு, அக்கினி நட்சத்திரம் தாண்டும்வரை உயிரைக் காப்பது மட்டுமே வேலை. கரும்பில் கட்டைப்பயிர் விடுவதைப் பார்த்தவருக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆடியில் தண்ணீர் வரும், கூடவே காற்றும் வரும். அந்தக் காற்று வெயிலைவிட வேகமாகச் சட்டியை உலர்த்தும். மேற்குப்பக்கம் நிழல்வலை கட்டவேண்டியது அப்போதுதான். ஐப்பசி மழைக்குப் பிரித்து நடுவது. இரண்டு மூன்று ஆண்டில் தூரின் நடு செத்து வட்டமாகக் காலியாகும். அதை எறிந்துவிட்டு ஓரத்து இளந்தூரை எடுத்து வைக்கவேண்டும். மரத்தில் நடுவைக் காப்பாற்றி ஓரத்தை வெட்டுகிறோம், புல்லில் நேர்மாறாக. மார்கழியும் தையும் பார்வைக்கு வைக்கும் மாதங்கள். வேர் முழுவதும் இறுகிப்போன பழந்தூர் ஒன்றைச் சட்டியைவிட்டு எடுத்து, மண்ணைக் கழுவி, வேர்த்திரளை அப்படியே ஒரு தட்டையான கல்லில் உட்கார வைக்கும் வழக்கமும் குசமோனோவில் உண்டு. இங்கே அது இந்த இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது.

எங்கே வைப்பது என்பதற்கு எங்கள் ஊர்க் கோயில் ஒரு யோசனை தருகிறது. காவிரிக் காற்று வீசினாலும் கருவறை விளக்கின் சுடர் அசையாமல் நிற்பதால் சுவாமிக்கு அசலதீபேசுவரர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். புல் சட்டிக்கு அந்த இடம் ஆகாது. கண்ணாடி அலமாரியில் வைத்த புல்லைப் பார்த்திருக்கிறேன். செத்த புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆலம்போன்சாய் அசையாமல் நிற்பதில் கம்பீரம். அதன் காலடியில் புல் ஆடவேண்டும். ஜன்னல் ஓரம், காற்று வந்துபோகும் நடை, படிக்கட்டுத் திருப்பம் இவை பொருத்தமான இடங்கள்.

ஓர் எச்சரிக்கை. பிரித்த தூரையும் வேண்டாத சட்டியையும் வாய்க்காலில் வீசாதீர்கள். ஊதாக் கதிர் ஆட்டும் நீரூற்றுப் புல்லை இன்று எல்லா நர்சரியிலும் விற்கிறார்கள்; அதன் காட்டு இனம் படுத்தும் பாட்டால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதை அயல் ஊடுருவிகள் பட்டியலில் சேர்த்தது. இரத்தப்புல்லின் தாய் இனம் அமெரிக்காவில் தடைக்குரிய களை. அழகுக்கு வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்த ஊரில் எதை எறிந்தாலும் அடுத்த நிறுத்தம் காவிரி.

போன தை மாதம் பதினோரு வயது ஆல் ஒன்றையும் அதன் பக்கத்தில் ஓர் அகல் அருகையும் பார்வைக்காக வாசல் திண்ணையில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளாடு இரண்டையும் மேய்ந்துவிட்டது. ஆலின் உச்சிக்கொம்பு போய்விட்டது. விட்ட இடத்துக்கு அது வர இன்னும் மூன்று ஆண்டாவது ஆகும். அருகு மண்மட்டத்துக்கு மொட்டையாகிக் கிடந்தது. பதினைந்தாம் நாள் பார்த்தால், நான் இத்தனை ஆண்டும் கத்தரி வைத்துக் கொண்டுவரப் பார்த்த நெருக்கத்தில் வந்து நிற்கிறது.